ஆற வைக்க ஒரு நாள்

ஜனவரி 9

என் தங்கச்சிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்கு முழங்கால், எனக்குக் காது. இரண்டும் போன தடவை எழுதின மாதிரியேதான் இருக்கின்றன. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடியை மாற்றினாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்கிறாயா?

போனில் பேசலாம் என்று மறுபடியும் ஆரம்பிக்காதே. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் எந்திரத்துப் பக்கத்திலேயே காலம் முழுக்க நின்ற காது இது. நீ பேசினால் எனக்கு 'ஙொய்' என்றுதான் விழுகிறது. போனில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தவும் எனக்குப் பொறுமையில்லை. கடிதம் என்றால் நிம்மதியாக நாலு தடவை படிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் செய்கிற உங்கள் பெரிய கம்பெனிக்கு எங்கள் பட்டறையில் பிரேக் குழாய் எப்படித் தயாராகிறது, என்னென்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருந்தாய். முதலாளி அனுப்பின காகிதம் விளங்கவில்லை, நீங்க சொன்னாத்தான் எனக்குப் புரியும் என்று எழுதியிருந்தாய். அதைக் காட்டி அண்ணியிடம் ரெண்டு நாள் அலட்டிக்கொண்டேன். உங்க தங்கச்சி அங்கே அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்கிறாள்.

முதலில் ரப்பரையும் கரியையும் சேர்த்துப் பிசைவோம். பிசைந்ததை எந்திரத்தில் விட்டுக் குழாயாக இழுப்போம். அதன்மேல் நூல் பின்னுவோம். நூலுக்கு மேலே இன்னொரு ரப்பர்ச் சட்டை போடுவோம். பிறகு நீராவியில் வேக வைப்போம். வெந்ததை அளவாக வெட்டுவோம். ரெண்டு பக்கமும் இரும்பு முனையை வைத்து இறுக்குவோம். கடைசியில் என்னிடம் வரும். உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்ப்பேன். ஒழுகவில்லை என்றால் என் நம்பர் போட்ட லேபிளை ஒட்டி அனுப்புவேன். ஒரு வேலையையும் விடவில்லை. பிசைகிற ஆளையும் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப் போடாதே.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலியும் போய்விட்டது. அண்ணியை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

நீங்கள் எழுதினது எவ்வளவு உதவி தெரியுமா? மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக அனுப்புகிறார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நீங்கள் எழுதின எட்டு வேலையையும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

நான் அப்படி என்னதான் செய்கிறேன் என்று அண்ணி கேட்டாராமே. ஒரு பஸ்ஸுக்கு ஆயிரக்கணக்கில் சாமான் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலிருந்து வருகிறது. ஒரு திருகு வரவில்லை என்றாலும் பஸ் பாதியில் நிற்கும். இதுவரை ஓர் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து போனில் "அனுப்பிட்டீங்களா, அனுப்பிட்டீங்களா" என்று நாள் முழுக்கக் கத்துவார்கள். எதிர்ப்பக்கம் எல்லாரும் "லாரி கிளம்பிடுச்சு சார்" என்பார்கள். லாரி பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

இனி அது இல்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதற்கான லேபிளை ஸ்கேன் செய்தால் இங்கே திரையில் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் ஆகிற நேரத்தைக் கூட்டி, சாமான் என்றைக்கு வரும் என்று அதுவே சொல்லிவிடும். சரியாக வந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், தவறினால் சிவப்பு. போன வாரம் பஸ் கண்ணாடி ஏற்றின கப்பல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரையே வேறு கம்பெனியில் கண்ணாடி இருக்கிறது என்று கண்டுபிடித்து, எந்தப் பஸ்ஸை முதலில் முடிக்கலாம் என்றும் மாற்றிக் கொடுத்துவிட்டது. வேலை நிற்கவே இல்லை. என் மேனேஜர் எழுந்து கை தட்டினார் அண்ணா!

ஏதாவது பழுது என்றால் எந்தப் பட்டறை, எந்த நாள், யார் சோதித்தது என்று எல்லாமே வந்துவிடும். ஒரு குழாயின் நம்பரைத் தட்டினால் நீங்கள் வந்து நிற்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 18

என் தங்கச்சிக்கு,

சுகம்தானே? அண்ணி மாடிப்படி ஏறத்தான் செய்கிறாள். நான் சொன்னாலும் கேட்பதில்லை.

உன் திரை எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள், முதலாளி அதைப் பார்த்துத்தான் இப்போது பேசுகிறார். போன வாரம் கரி ஏற்றிவந்த லாரி வழியில் படுத்துவிட்டது. எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிந்து, வேறு லாரி வந்து நின்றது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "என் தங்கச்சி செஞ்சது" என்று ஒருத்தரை விடாமல் சொல்லியாகிவிட்டது.

ஆனால் ஒரு தப்பு நடந்திருக்கிறது. தப்பு என்னுது. வெந்த குழாயை நாங்கள் உடனே வெட்டி இறுக்குவதில்லை. பின்சுவர் ஓரம் கம்பியில் தொங்கவிட்டு ஒரு முழு நாள் ஆற வைப்போம். ஆறினால் ரப்பர் சுருங்கி நிலைக்கு வரும். சூட்டோடு முனையை இறுக்கினால் அப்போதைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும், சோதனையிலும் தேறிவிடும். அப்புறம் ஆறிச் சுருங்கும்போது பிடி விட்டுப் போகும். ஓடுகிற பஸ்ஸில் அது கழன்றால் பிரேக்கே கிடையாது.

இதை எப்படி எழுதாமல் விட்டேன் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நீ என்னென்ன வேலை என்று கேட்டாய். ஆறுவது ஒரு வேலையா? ஆள் கிடையாது, எந்திரம் கிடையாது, யாரும் தொடுவதே இல்லை. அதற்குக் கீழேதான் உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறோம். பிசைகிற ஆளுக்கும் தோன்றவில்லை. இப்போது உன் கணக்கில் அந்த ஒரு நாள் இல்லை. இருக்கிற குழாயை அனுப்பிச் சமாளிக்கிறோம். வேக வைப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் ஒரு கட்டம் சேர்த்துவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத ரொம்பத் தாமதமாகிவிட்டது, திட்டாதீர்கள். நான் நலம். உங்கள் காதுக்கு அந்தப் புது மருந்தை விட்டுப் பார்த்தீர்களா?

இங்கே மூச்சு விட நேரமில்லை. மீதியிருந்த எல்லாப் பட்டறையையும் ஒரே நாளில் திரைக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் நான் திரையை விட்டு நகரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. கிடங்கில் சாமான் குவிந்து கிடந்த காலம் போய், வேண்டியது வேண்டிய அன்றைக்கு வருகிறது. புதுப் பிரிவு ஒன்று தொடங்கப் போகிறார்கள், அதற்கு யார் தலைமை என்று பேச்சு அடிபடுகிறது. என் பெயரும் காதில் விழுகிறது. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள், அண்ணியிடம் மட்டும் சொல்லலாம்.

தங்குகிற அறையை மாற்றிவிட்டேன். இங்கே ஜன்னல் பெரிது, வெளிச்சம் நன்றாக வருகிறது.

உங்கள் தங்கை

பி.கு. அந்த ஒரு நாள் விஷயம் ஞாபகம் இருக்கிறது. இப்போது ஒரு கட்டத்தை மாற்றினால் மொத்தத் தேதியும் தள்ளும், தொடங்கின மாதமே தப்பு என்பார்கள். அடுத்த திருத்தத்தில் பார்க்கிறேன். அதுவரை கொஞ்சம் சமாளியுங்கள்.


மே 10

என் தங்கச்சிக்கு,

புது அறையில் சௌகரியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். தலைமைப் பதவிச் செய்தியை அண்ணியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னைக் குறை சொல்லாதே.

சமாளிக்கச் சொல்லியிருக்கிறாய். எதை வைத்துச் சமாளிப்பது? முன்னெல்லாம் அலமாரி நிறைய ஆறின குழாய் இருக்கும். சாமானைச் சேர்த்து வைப்பது வீண் என்று உன் திரை சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இப்போது அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மூன்று தடவை சிவப்பு விழுந்துவிட்டது. நேற்று முதலாளி ரெண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து குழாய்க்கு நேரே வைத்துவிட்டு, ஆறியாச்சு, இறுக்குங்கள் என்றார்.

"இன்னும் சூடா இருக்கு சார்."

"டெஸ்ட்ல தேறுதா இல்லையா?"

"இப்ப தேறும் சார். அப்புறம்தான்…"

"அப்புறத்த அப்புறம் பாப்போம். இன்னொரு சிவப்பு விழுந்தா ஆர்டர் தானா வேற பட்டறைக்குப் போயிடும்யா. என்கிட்ட கேட்டுட்டா போகுது? ஒட்டுய்யா லேபிள!"

காது கேட்கிற மாதிரி பக்கத்தில் வந்து கத்தினார். ஒட்டினேன். ஒட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். இந்தக் காதை வைத்துக்கொண்டு எனக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்? வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தங்கச்சி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த திருத்தம் வரைக்கும் தாங்காது. ஒரே ஒரு கட்டம்தானே. நீ போட்டுவிட்டால் திரையே ஆற வைக்கச் சொல்லும், முதலாளி வாயை மூடிக்கொள்வார்.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலம். அங்கே வெயில் எப்படி? அண்ணி முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாரா?

நல்ல செய்தி. புதுப் பிரிவுக்கு என்னைத்தான் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தனி அறை, எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். முதல் நாள் நாற்காலியில் உட்காரும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். என் படிப்புக்காக நீங்கள் பிரஸ்ஸில் ரெண்டு ஷிஃப்ட் நின்றதெல்லாம் எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு விஷயம் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். போன மாதம் முழுக்க ஒரு மஞ்சள்கூட இல்லாத பட்டறைகளைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டினேன். அதில் உங்களுடையதும் இருந்தது. என் அண்ணன் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

நிறைய வேலை. இத்துடன் நிறுத்துகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


ஜூலை 20

என் தங்கச்சிக்கு,

உனக்குக் கிடைத்த பதவிக்கு ரொம்ப சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அண்ணி உன் போட்டோ ஒன்று கேட்கிறாள், அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி.

போன வாரம் சூட்டோடு இறுக்கின குழாயில் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தேன். சோதனையில் தேறினதுதான், என் லேபிள் ஒட்டினதுதான். ரெண்டு நாள் கழித்து முனையைப் பிடித்துத் திருப்பினேன். பாட்டில் மூடி மாதிரி கையோடு சுற்றியது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஒண்ணு அப்படித்தான் இருக்கும் என்றார்.

நான் இப்போது வேலைக்கு நடந்தே போய் வருகிறேன். பஸ் வந்து நின்றாலும் ஏறுவதில்லை.

இனிமேல் அதைப் பற்றி உன்னைக் கேட்கமாட்டேன்.

உன் அண்ணன்


செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. உனக்கு மூன்று தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

பஸ் ஒன்று சரிவில் பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரில் மோதின செய்தி உனக்குத் தெரியாமல் இருக்காது. பதினோரு பேர் போய்விட்டார்கள். குழாயின் முனை கழன்றிருக்கிறது. மதியம் மோதின பஸ்ஸுக்குச் சாயங்காலமே போலீஸ்காரர்கள் பட்டறைக்கு வந்து நின்றுவிட்டார்கள், கையில் இவருடைய நம்பரோடு. சட்டை மாற்றக்கூட விடவில்லை, அப்படியே கூட்டிப் போனார்கள். அவர்கள் கேட்ட பாதிக் கேள்வி இவருக்குக் காதில் விழவில்லை. விழாததற்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொண்டார்களாம்.

முதலாளி என்ன சொல்கிறார் தெரியுமா? ஒரு நாள் ஆற வைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம், இவர் சொந்த அவசரத்தில் சூட்டோடு இறுக்க விட்டு லேபிள் ஒட்டிவிட்டார் என்கிறார். நாக்கு அழுகிப் போகும் அந்த ஆளுக்கு! பட்டறையில் ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.

நீ வரவேண்டும். அதிகமாக ஒன்றும் பேச வேண்டாம். "எங்க அண்ணன் மார்ச் மாசமே அந்த ஒரு நாளைக் கேட்டாரு, நான்தான் போடல" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். வக்கீல் அது போதும் என்கிறார். நீ எழுதின கடிதங்களை யாரிடமும் காட்டக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். உன்னைத் தவிர அதைச் சொல்ல ஆள் இல்லை.

உன் அண்ணி


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். முழங்காலை அலட்சியம் செய்யாதீர்கள்.

அன்றைக்கு அந்தக் குழாயின் நம்பரைத் தட்டினது நான்தான். யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் தட்டினேன். சுற்றி அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதே நாளில் வெந்த குழாய்கள் எந்தெந்தப் பஸ்ஸில் போயிருக்கின்றன என்று கண்டுபிடித்து, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் ஓரம் கட்டினோம். முன்பு என்றால் அதற்கு மாதக் கணக்கில் ஆகியிருக்கும், அதற்குள் இன்னும் எத்தனை பஸ் மோதியிருக்குமோ. இதை அண்ணாவிடம் சொல்லுங்கள். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

விசாரணை முடியும்வரை யாரும் வெளியே பேசக் கூடாது என்று கம்பெனியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நல்ல வக்கீல் ஒருவரின் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். மற்றதை நேரில் பேசலாம். வர முடிகிறபோது வருகிறேன்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 25

என் தங்கச்சிக்கு,

சிறையில் கடிதம் எழுத விடுகிறார்கள், கவலைப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. ராத்திரி பக்கத்தில் ஒருத்தன் பயங்கரமாகக் குறட்டை விடுகிறானாம், எல்லாரும் புலம்புகிறார்கள். எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

அண்ணி உன்னிடம் ஏதோ கேட்டாள் என்று தெரிந்தது. விட்டுவிடு. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். லேபிள் ஒட்டின கை என்னுது. தெரிந்தே ஒட்டினேன். செத்துப்போனவர்களின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். அதில் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருக்கிறாள். அவள் முகம் என்னை விடமாட்டேன் என்கிறது. அவளைப் பெற்றவர்களிடம் போய், முதலாளி சொன்னார், திரை சொன்னது என்று நான் சொல்ல முடியுமா? நீயாவது நிம்மதியாக இரு. வீட்டில் ஒருத்தர் மாட்டினது போதும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் கேட்கமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன், மன்னித்துக்கொள். அந்தக் கட்டத்தைப் போட்டுவிடு. என் இடத்தில் இப்போது வேறு ஒருத்தன் நின்று லேபிள் ஒட்டுகிறான். அவனுக்கும் அதே திரை, அதே முதலாளி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கட்டத்தைப் போட்டுவிட்டேன் அண்ணா. வேக வைப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவில், 'ஆற வைத்தல், ஒரு நாள்'. அந்த நேரம் முடியாமல் அடுத்த லேபிளை ஸ்கேன் செய்தால் எடுக்காது. உங்கள் பட்டறைக்கு மட்டும் இல்லை, ரப்பர் சாமான் செய்கிற எல்லாருக்கும் போட்டாகிவிட்டது. பெயின்ட் காய்வது, பசை பிடிப்பது என்று யாரும் வேலையாக நினைக்காததையெல்லாம் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து செய்தபோது ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. மேனேஜர் இதை மற்ற கம்பெனிக்காரர்களுக்கும் விளக்கிச் சொல்ல என்னை அடுத்த மாதம் வெளியூர் அனுப்புகிறார்.

இனி யாருக்கும் இப்படி நடக்காது. தீர்ப்பு நல்லபடியாக வரும், நம்பிக்கையோடு இருங்கள். விசாரணைக்கு வர முடியவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


டிசம்பர் 28

உங்கள் கடிதம் வந்தது. அவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போனேன்.

தீர்ப்பு நான் போனதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஏழு வருஷம். எல்லாம் திரையிலேயே தெளிவாக இருப்பதால் சாட்சி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த நாள், எந்த மணி, யார் ஒட்டினது என்று எல்லாம் அதில் இருந்ததாம். அவர் உங்களிடம் கேட்டது மட்டும் அதில் இல்லை.

இந்தப் பக்கம் நின்று கத்தினால் அவருக்குக் கேட்பதில்லை. அதனால் உங்கள் கடிதத்தைக் கம்பிக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வாயசைத்து வாயசைத்து முழுக்கப் படித்தார். கட்டம் போட்ட இடம் வந்ததும் சிரித்தார். தீர்ப்பு வந்த மறுநாள், உங்கள் அண்ணன் சிரித்தார். "போட்டுட்டா பாத்தியா, என் தங்கச்சி போட்டுட்டா!" என்று அவர் கத்தின கத்தலில் காவலுக்கு நின்றவன் ஓடி வந்தான். அவனிடமும் சொன்னார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதையும் படித்தார். அதற்கும் தலையை ஆட்டினார்.

நீங்கள் அவர் தங்கை என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், நீங்கள் வரவில்லை என்பதும் தெரியும். அங்கே இப்போது குழாயை ஒரு நாள் ஆற வைத்துத்தான் இறுக்குகிறார்களாம். நல்லது. இனிமேல் அவருக்கு எழுதுவதானால் சிறை விலாசத்துக்கே நேராக எழுதுங்கள். என் வழியாக வேண்டாம்.

உங்களை நலம் விசாரித்து எழுதும்படி அவர் ரெண்டு தடவை சொன்னார். அவர் விசாரிக்கிறார். நான் விசாரிக்கவில்லை.

உங்கள் அண்ணனின் மனைவி